இரண்டாவது அடுப்பு

மாரண்டஹள்ளியில் நானும் அவளும் ஒரே வீட்டில் குடியேறி அப்போது ஆறு வருஷம். நான் பள்ளிக்கூட டீச்சர், அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். இரண்டு பெண்கள் சேர்ந்து தங்கியிருக்கிறார்கள் என்றுதான் ஊர் நினைத்தது. அது குடித்தனம் என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

ஒருநாள் அவள் அண்ணனிடமிருந்து தபால் கார்டு வந்தது. தொப்பூர்ப் பக்கம் விவசாயம் பார்ப்பவர். "நீயும் அந்த வேதக்கார டீச்சரும் ஒரே சட்டியில ஆக்கித் திங்கறீங்கன்னு இங்க பேச்சு. ஞாயித்துக்கெழம வர்றேன். நெசமா இருந்தா உன்னைய கையோட கூட்டியாந்து, பாத்து வெச்ச மாப்பிள்ளைக்குக் கட்டிக் குடுத்துருவேன்."

அழப்போகிறாள் என்று பார்த்தேன். "இன்னொரு அடுப்பு வேணுமே" என்றாள்.

பக்கத்து வீட்டிலிருந்து மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று இரவல் வந்தது. அது எனக்கு, விறகடுப்பு அவளுக்கு. ஒரே மாடத்தில் ஒற்றுமையாக இருந்த என் ஏசுவையும் அவள் முருகனையும் ஆளுக்கொரு சுவரில் மாட்டினோம். பாத்திரம் பிரிக்கும்போதுதான் சண்டை வந்தது. நல்ல வாணலியை அவள் பிடுங்கிக்கொண்டாள். எனக்கு ஓட்டை அடைத்த சட்டி. நாடகம்தானே என்று விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அரை நாள் அவளோடு பேசவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒரு பூசணிக்காயோடு வந்து இறங்கினார். "வாங்கண்ணா" என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நேராக அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தார். இரண்டு அடுப்பு, இரண்டு சோறு, இரண்டு குழம்பு. பொய் சொல்லும் பிள்ளைகளை முட்டிபோட வைக்கிற நான், சுவரைப் பார்த்துக்கொண்டு, வாயில் வைக்க முடியாத ஒரு சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவள் போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்பதை மட்டும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் சாம்பாரில் உப்பு இன்னும் கூடியிருக்கும்.

அவர் முகம் தெளிந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

அவள் மூன்று டம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். ஊரில் மழை உண்டா என்று அண்ணனை விசாரித்துக்கொண்டே, என் டம்ளரில் படிந்திருந்த ஆடையை விரலால் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, டம்ளரை என்னிடம் நீட்டினாள். ஆடை நாக்கில் பட்டால் எனக்குக் குமட்டும். ஆறு வருஷமாக தினம் காலையில் அவள் செய்கிற வேலை அது. நானும் பழக்கத்தில் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டேன்.

அப்புறம்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அவள் விரல் இன்னும் வாயருகிலேயே இருந்தது. காப்பி என் புடவையில் சிந்தியது.

அண்ணன் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியில் தன் டம்ளரைப் பார்த்தார். "எனக்கும் ஆடை ஆவாது" என்றார் தங்கையிடம். "பதினெட்டு வருசத்துல உங்க அண்ணி ஒரு நாளும் எடுத்துக் குடுத்ததில்ல."

அவள் அந்த டம்ளரை வாங்கி, ஆடையை எடுத்துவிட்டுக் கொடுத்தாள். முழுவதும் குடித்தார். மாப்பிள்ளைப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனோம். தனியாகத்தான் ஏறினார். படியில் நின்றபடி என் பக்கம் திரும்பினார்.

"அந்த ஸ்டவ்வக் குடுத்துருங்க, டீச்சரம்மா. ஒரு வூட்டுக்கு எதுக்கு ரெண்டு அடுப்பு?"