உள்ளே போகாத மருந்து

ஆய்வகத்தில் அவளுக்கு உடும்பு என்று பெயர். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர். பாதி மரியாதை, பாதி எரிச்சல். அவள் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு மருந்தை. ஆஸ்பத்திரிப் புண்களில் குடியேறி, கொடுக்கிற மாத்திரைக்கெல்லாம் பெப்பே காட்டும் ஒரு கிருமிக்கான மருந்து அது. அவளுடைய அப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவைத்ததும் அதே கிருமிதான்.

மருந்தைக் குறை சொல்ல முடியாது. கிருமியை உடைத்து, அது உயிர்வாழத் தேவையான புரதத்தைத் தனியே பிரித்து, கண்ணாடிக் குழாயில் போட்டு மருந்தை ஒரு சொட்டு விட்டால் போதும், புரதம் செயலற்று நின்றுவிடும். ஆனால் கிருமி வளர்க்கும் தட்டில், முழுக் கிருமியின் மேல் விட்டால் ஒன்றும் நடக்காது. மறுநாள் காலை மூடியைத் திறந்தால், ஆறிய பாலில் ஆடை படிந்ததுபோல் கிருமிகள் தட்டு முழுக்க வளர்ந்திருக்கும்.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். கிருமி என்பது ஒற்றைச் செல். அதைச் சுற்றியிருக்கும் சவ்வு, இரண்டு வரிசையாக அடுக்கிய கொழுப்பு. ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறுக்கும் தண்ணீரை விரும்பும் தலையும் தண்ணீரே ஆகாத வால்களும் உண்டு. தலைகள் இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்து நிற்க, வால்கள் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் மாதிரிச் சின்ன மூலக்கூறு அந்த நெரிசலில் சத்தமில்லாமல் நுழைந்து போய்விடும். மின்னூட்டம் உள்ளது எதுவும் அப்படிப் போக முடியாது; சவ்வில் பதிந்திருக்கும் புரதம் ஏதாவது வழிவிட்டால்தான் உண்டு. அவளுடைய மருந்துக்கு மின்னூட்டம் இருந்தது. வழிவிட எந்தப் புரதமும் இல்லை.

"மின்னூட்டத்தை எடுத்துட வேண்டியதுதானே?" என்று துறைத்தலைவி கேட்டார்.

"எடுத்தா புரதத்துல ஒட்ட மாட்டேங்குது மேடம்."

"வெச்சிருந்தா?"

"உள்ள போக மாட்டேங்குது."

கொழுப்போடு கொழுப்பு சேருமே என்று மருந்துக்கு ஒரு கொழுப்பு வாலை ஒட்டிப் பார்த்தாள். சேர்ந்தது. சேர்ந்த இடத்திலேயே, சவ்வின் நடுவில், சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அதையே மனித ரத்தத்தில் விட்டபோது சிவப்பணுக்களின் சவ்வு பிய்ந்து, கலங்கலாக இருந்த குழாய் தெளிந்த சிவப்பாக மாறியது. நம்முடைய செல்லும் அதே கொழுப்புச் சமாச்சாரம்தான். கிருமியைத் தொடுவதற்குள் நோயாளியைத் தீர்த்துவிடும் மருந்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

வீட்டில் அப்பா ஜன்னலோர நாற்காலியில் காத்திருப்பார்.

"இன்னிக்காவது உள்ள போச்சா?"

"போகலைப்பா."

"என் காலை எடுக்க ஒரு பொழுதுகூட ஆகலை. ஒரு சொட்டு மருந்தை உள்ள அனுப்ப உங்களுக்கு இத்தனை வருஷம்."

"நீங்களே வந்து தள்ளிவிடுங்களேன்" என்று சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைப்பாள்.

அடுத்த வழி இரும்பு. கிருமிக்கு இரும்பு என்றால் உயிர். அதைக் கவ்விப் பிடிக்கும் மூலக்கூறுகளைத் தானே வெளியே அனுப்பி, அவை இரும்போடு திரும்பி வரும்போது அதற்கென்றே உள்ள புரதங்கள் வழியாக இழுத்துக்கொள்ளும். அந்த மாதிரி ஒன்றோடு மருந்தைக் கோத்தாள். ஒட்டவைக்கவே ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. ஒருவழியாகக் கிருமிகளைக் கழுவி, உடைத்து, அளந்து பார்த்தபோது மருந்து உள்ளே இருந்தது.

அங்கிருந்தே போன் செய்தாள். "உள்ள போயிடுச்சுப்பா."

அவர் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு குடியிருப்புக் கட்டடம் முழுக்கப் போய், பால் போடுகிறவர் முதல் லிப்ட் பழுது பார்க்கிறவர் வரைக்கும் மகள் மருந்து கண்டுபிடித்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் கிருமித் தட்டைத் திறந்தாள். ஆடை மாதிரி, அதே வளர்ச்சி.

நேரம் விட்டு நேரம் அளந்தபோதுதான் புரிந்தது. உள்ளே போன மருந்து ஏறி, ஏறி, பிறகு மளமளவென்று இறங்கியது. கிருமியின் சவ்வில் பம்பு போன்ற புரதங்கள் இருக்கின்றன. வேண்டாததைச் சக்தி செலவழித்து வெளியே தள்ளுபவை. அவள் பாடுபட்டு உள்ளே அனுப்பியதை அவை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தன. உறுதிப்படுத்த, பம்பு நீக்கப்பட்ட கிருமியை வளர்த்து அதில் மருந்தை விட்டாள். தட்டு துடைத்துவைத்ததுபோல் இருந்தது. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

துறைத்தலைவி அந்தத் தட்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல கட்டுரை வரும்மா. மருந்து வராது. ஆஸ்பத்திரில இருக்கறது பம்பு உள்ள கிருமி."

"இன்னும் கொஞ்ச நாள் குடுங்க மேடம்."

"என் கையில இல்லை. மேல நிறுத்தச் சொல்லிட்டாங்க."

அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். தப்பு எங்கே என்று தெரியாமல் தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் ஊரெல்லாம் சொல்லிட்டேனே."

"யாரு சொல்லச் சொன்னா?"

"நீதானே போன் பண்ணே?"

அவள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "அந்த பம்பை அடைக்க முடியாதா?"

"எங்க ஆய்வகத்து மேல்மாடில ஒரு கோஷ்டி அதைத்தான் பண்ணிட்டிருக்கு. வருஷக்கணக்கா. அவங்களுக்கும் வரலை. பம்பை அடைக்கற மருந்து நம்ம செல்லுல இருக்கற பம்பையும் சேர்த்து அடைச்சுடுது."

"அப்போ அங்க போ."

"போனாலும் இதே கதைதான்பா."

"இங்க இருந்தா மட்டும் வேற கதையா?" என்று அவர் எரிந்து விழுந்தார்.

அடுத்த வாரம் அவள் மேல்மாடிக்கு மாற்றல் கேட்டு வாங்கினாள். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில், அதன் உறுமல் ஓயாத மூலையில், ஒரு மேசை கிடைத்தது. தன் மருந்தையும் கொண்டுவரலாம், ஆனால் அவர்கள் வேலை முடிந்த பிறகுதான் அதைத் தொடலாம் என்றார்கள். சரி என்றாள். அவளிடம் முதலில் கொடுத்த பம்பு அடைப்பான் தண்ணீரில் கரையவே மாட்டேன் என்றது. குழாயை எத்தனை முறை குலுக்கினாலும் அடியில் வெள்ளையாகப் படிந்து நின்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் குலுக்கினாள்.