பாறைக் கோயிலில் ஒரு டோக்கன் நம்பர்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கிருஷ்ணசாமியை நல்ல மனுஷன் என்று சொல்லாதவர்கள் குறைவு. அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசும். அறுபத்தொரு வயதில் லாஸ்பேட்டைக் காலேஜ் ஒன்றின் வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறார். அதற்கு முன்னால் மில்லில் தறி ஓட்டியவர். மில்லில் பேரை யார் கேட்டார்கள்? டோக்கன் நம்பர்தான் ஆள். சாப்பாட்டுத் தூக்கு, துண்டு, சைக்கிள் மட்கார்டு என்று கைக்கு எட்டியதில் எல்லாம் அவரவர் நம்பரைக் கீறி வைப்பார்கள்.

நம்பர் இல்லாதவன் பதிலி. நிரந்தர ஆள் வராத நாளில் அந்த ஆளின் டோக்கனில் வேலை செய்பவன். இருபத்தைந்து வயதில் கிருஷ்ணசாமி அப்படித்தான் இருந்தார். பக்கத்துத் தெரு நாராயணசாமி கால் முறிந்து நான்கு மாதம் படுத்தபோது, அவருடைய 218-இல் இவர் தறி ஓட்டினார். மேஸ்திரி முதல் டீக்கடைக்காரர் வரை 'எரநூத்திப் பதினெட்டு' என்றே கூப்பிட்டார்கள். தானும் ஒரு ஆள் என்று அப்போதுதான் முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது. இரவல் சட்டை போட்டவனுக்குத்தானே காலர் அதிகம் தூக்கும்!

நாராயணசாமி கால் தேறி வேலைக்குத் திரும்பிய மாதம், மில்லில் எல்லோரும் மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போனார்கள். பதிலிகளையும் ஏற்றிக்கொண்டார்கள். பழைய கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில், பாறை உச்சியில் நிற்கிற கல் கோயிலில் ஏறி மற்றவர்கள் கடல் பார்த்தார்கள். கிருஷ்ணசாமி பின்பக்கச் சுவரில் உட்கார்ந்து, ஓர் ஆணியால் 218 என்று கீறினார். நாராயணசாமி மேல் பகையெல்லாம் இல்லை. அவருக்குக் கிடைத்திருந்த நம்பர் அது ஒன்றுதான்.

கீழே நின்ற பஸ்ஸில் மில் பேர் எழுதிய துணி கட்டியிருந்தது. கீறலைக் காவலாளி பார்த்துவிட்டார், அந்த நம்பரோடு புகார் மில்லுக்கு வந்தது. நாராயணசாமியை ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் வாசலில் நின்ற கிருஷ்ணசாமியை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "ஆமாங்க, நான்தான்" என்றார். பதினைந்து நாள் சஸ்பெண்ட். வரவேண்டிய மேஸ்திரி வேலையும் வேறொருவருக்குப் போயிற்று. கிருஷ்ணசாமி திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றார். அடுத்த வருஷம் நிரந்தரமாகி, சொந்தமாக ஒரு நம்பரும் வாங்கினார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நாராயணசாமிக்குக் குழந்தை பிறக்கவில்லை. அவர் மனைவி மணியம்மாள் காரணத்தைத் தேடி அலையவில்லை. "கோயில் கல்லக் கீறினவன் வூட்ல தொட்டில் ஆடுமா?" என்று அவள் கத்துவது கிருஷ்ணசாமி வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்கும். அப்போது அவருடைய மகள் கவிநிலா, 'பெரியப்பா, பெரியப்பா' என்று நாராயணசாமியின் தோளில்தான் தொங்கிக்கொண்டிருப்பாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று கிருஷ்ணசாமி நினைப்பார். அந்த நாளை வரவே இல்லை. போன வருஷம் நாராயணசாமி செத்துப்போனார்.

வருஷத் தெவசம் முடிந்த மூன்றாம் நாள் மணியம்மாள் வந்து நின்றாள்.

"தம்பி, அன்னிக்கு நீயும்தான போன? அந்த மலைக்கு என்னக் கூட்டினு போப்பா. அந்த மனுசனுக்காகச் சாமிகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? காலை பஸ்ஸில் போனார்கள். பாறையில் வெட்டிய படிகளில் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. சவுக்குத் தோப்புக்கு அப்பால் கடல், கரையில் வரிசையாகப் படகுகள், தூரத்தில் கடற்கரைக் கோயில். சுற்றிலும் செல்ஃபி எடுக்கிற கூட்டம். கிருஷ்ணசாமி எதையும் பார்க்கவில்லை. முப்பத்தாறு வருஷத்து உப்புக் காற்று அதை அரித்திருக்கும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தவர் அவர். நம்பர் அப்படியே இருந்தது.

அதை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். "காணுமே அண்ணி. அழிஞ்சிபோயிருக்கும்."

"செத்த தள்ளு, பாப்போம்."

எழுத்துத் தெரியாவிட்டாலும் மணியம்மாளுக்கு நம்பர் தெரியும். ரெண்டு, ஒண்ணு, எட்டு என்று விரல் வைத்துப் படித்தாள். பாட்டில் தண்ணீரில் முந்தானையை நனைத்து, அழுக்குத் துடைப்பதுபோல் அந்தக் கல்லைத் தேய்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமி, புத்தி கெட்டுப் பண்ணிட்டாரு. அங்கியாவது அவர வுட்டுடு."

கிருஷ்ணசாமியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அண்ணி, இது அண்ணன் கீறினது இல்ல. நான் கீறினது."

அவள் திரும்பிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றுவாள் என்று எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"அப்ப அவரு ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா பதிலி லிஸ்ட்லேருந்து என்ன எடுத்திருப்பாங்க."

மணியம்மாள் அப்படியே பாறையில் உட்கார்ந்தாள். கை இன்னும் நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தது.

"சாவறதுக்கு மொத நாளு, கஞ்சி குடுக்கச்சே கூட இதச் சொல்லித்தான் திட்டினேன். ஒரு வார்த்த பேசல. கஞ்சியக் குடிச்சிட்டுப் படுத்துக்கினாரு." சுவரிலிருந்த நம்பரைப் பார்த்தாள். "அவரு இருக்கச்சே சொல்லியிருக்கலாமேப்பா. ஒரு நாளாவது திட்டாம சோறு போட்டிருப்பேனே."

தன் பாரத்தை இறக்கி வைக்கத்தான் வாயைத் திறந்தார் கிருஷ்ணசாமி. அதை இறக்கி வைத்த இடம் அவள் தலை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இப்படி ஒரு வெட்கத்தை அந்த ஆபீஸ் வாசலில்கூட அவர் பட்டதில்லை.

இறங்கும்போது கையை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை. படிப்படியாக உட்கார்ந்து, பாறையைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். திரும்பி வந்த பஸ்ஸில் பாதி சீட் காலி. மணியம்மாள் முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் இரண்டு தடவை உட்காரச் சொல்லியும் கேட்காமல், புதுச்சேரி வரைக்கும் கிருஷ்ணசாமி கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார்.