சப்பாத்து இல்லாத படம்

இரத்தினபுரியில் நடந்த மாகாண விளையாட்டுப் போட்டியில் அக்கா ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடி இரண்டாவதாக வந்தாள். அகில இலங்கைப் போட்டிக்கும் தெரிவானாள். இரண்டு பத்திரிகைகள் அந்தச் செய்தியைப் போட்டன. இரண்டும் சேர்ந்து எங்கள் வீட்டு நிம்மதியைக் கெடுத்தன.

சின்னப் பத்திரிகையில் முன்பக்கத்திலேயே படம். அக்காவின் முகம் கொஞ்சம், வெறுங்கால்தான் மிச்சமெல்லாம். "சப்பாத்து வாங்க வழியில்லை! தேயிலைத் தோட்டத்துச் சிறுமியின் கண்ணீர் ஓட்டம்" என்று தலைப்பு. அது கண்ணீர் இல்லை, வியர்வை. அப்பா பலாங்கொடைக்குப் போய்ப் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்திருந்தார். வெறுங்காலில்தான் வேகம் வருகிறது என்று அதைக் கழற்றி வைத்தவள் அக்கா. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுத அந்த நிருபருக்கு என்ன கேடு?

மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடும் பெரட்டில், கங்காணி அதைச் சத்தமாக வாசித்தார். அப்பாவும் அங்கேதான் நின்றார். மாலைக்குள் மூன்று சோடிப் பழைய சப்பாத்துகள் வீடு தேடி வந்துவிட்டன. சிங்களக் கடை முதலாளி படத்தைப் பார்த்து "அனே பவ்" என்று பரிதாபப்பட்டு, ஒரு சோடிச் செருப்பும் கொடுத்தனுப்பினார்.

"இனி ஓட வேணாம்," என்றார் அப்பா. அன்று அக்கா சாப்பிடவில்லை.

பெரிய பத்திரிகை வாங்குகிறவர் தோட்டத்து ஆபிஸில் வேலை செய்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா ஒருவர்தான். அவரிடம் ஓடினேன். "இதிலை பொய் வராது, கொண்டுபோய்க் காட்டு," என்றார். பொய் வரவில்லைதான். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: தூரம், நேரம், இடம், பாடசாலை. அக்காவின் பெயர்கூட இல்லை.

அப்பா அந்த வரியை மூன்று தரம் வாசித்தார்.

"சப்பாத்து இருந்துச்சின்னு இதுல எங்க போட்டிருக்காங்க?"

"ரெண்டாவது வந்தான்னு போட்டிருக்கேப்பா," என்றேன்.

"அத யாரு கேட்டா?"

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஒன்று இல்லாததை எழுதுகிறது, மற்றது இருந்ததையும் எழுதவில்லை. இவர்களுக்கு நடுவில் அப்பா வேறு.

கடைசியில் அக்காதான் பேசினாள். "நான் சப்பாத்து போட்டே ஓடுறேன்பா. எல்லாரும் பாக்கட்டும்." அப்பா உடனே சம்மதித்தார்.

அகில இலங்கைப் போட்டியில் அவளுக்குக் கடைசிக்கு முந்திய இடம். எந்தப் பத்திரிகையும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா மட்டும் கால் நன்றாகத் தெரியும்படி போனில் படம் எடுத்துத் தோட்டம் முழுக்க அனுப்பினார். பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவருக்கு அப்படியொரு சந்தோஷம். தோற்றும் அக்கா அழவில்லையே என்று நான் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன். சப்பாத்தோடு ஓடினால் ஜெயிக்க முடியாது என்பது அப்பாவிடம் அப்படிச் சொன்ன அன்றைக்கே அவளுக்குத் தெரியும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.