ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்காது

எங்கள் அபுதாபி ஃபிளாட்டில், என் எம்ப்ராய்டரி சட்டத்துக்கு மேலே சுவரில் ஒரு வாழ்த்து அட்டை ஆறு வருஷமாக ஒட்டியிருக்கிறது. பிளவுஸ் வேலைக்காக வந்துபோன ஒரு பெண்மணி ஊருக்குத் திரும்பும்போது கொடுத்தது. குனிந்து லேஸ் பின்னும் ஒரு பெண்ணின் ஓவியம். அசல் பாரிஸின் அந்தப் பிரம்மாண்டமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருந்தது. அதை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். இந்த 2007 ஏப்ரலில் நாங்கள் பாரிஸ் போனதற்குக் காரணம் அவ்வளவுதான்.

என் கணவர் முரளிக்கு முசஃபாவில் பிளானிங் எஞ்சினியர் வேலை. லீவு கிடைத்தது ஐந்தே நாள். கம்பெனியின் என்.ஓ.சி. கடிதம், சம்பளச் சான்று, விசாவுக்குத் தலைக்கு அறுபது யூரோ எல்லாம் முடிந்ததும் எக்ஸெல் ஷீட்டைத் திறந்தார். சைட்டில் கிரேன் எப்போது வர வேண்டும் என்று எழுதுகிற மாதிரியே நாங்கள் எப்போது சாப்பிட வேண்டும் என்றும் எழுதினார். எந்த அறைக்குப் பின் எந்த அறை என்றுகூட வரிசை போட்டிருந்தார். என் ஓவியம் கடைசி வரியில் இருந்தது.

"கடைசில வச்சாத்தான் நிதானமா பாப்பே, சுதா. வெள்ளி, சனி வேணாம், கூட்டம் சாகடிச்சிரும். ஞாயித்துக்கிழமை போவோம். எல்லாரும் ட்யூட்டிக்குப் போயிருப்பான்."

எனக்கும் அது சரி என்றே பட்டது. திருச்சியில் இருபத்திரண்டு வருஷம் ஞாயிறு லீவோடு வளர்ந்தவள் நான். வெள்ளி லீவும் ஞாயிறு வேலைநாளுமான வளைகுடாவில் பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணியதில் அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

ஏப்ரல் ஒன்றாம் தேதி, ஞாயிறு. ஹோட்டலிலிருந்து ஏழாம் எண் மெட்ரோ, டிக்கெட் 1.40 யூரோ, கால் மணி நேரம்கூட ஆகவில்லை. 10.20க்கு கண்ணாடிப் பிரமிடு முன்னால் போய் நின்றால், வரிசையின் வால் எங்கே என்றே தெரியவில்லை. ஒன்பது வயது மகள் நிலாதான் கேட்டாள்.

"அப்பா, இங்க சண்டேதான ஹாலிடே?"

முரளி கையிலிருந்த ஷீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்தார். அன்று ஏப்ரல் ஃபூல் தினம் என்பதை அவளும் கவனித்திருந்தாள், பாவம் என்று விட்டுவிட்டாள்.

உள்ளே போகும்போது மணி 12.10. உலகமே பார்க்கத் துடிக்கும் அந்தப் புன்னகைக்காரியின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்று, கேமரா பிடித்த கைகளைத்தான் பார்த்தோம். நிலாவுக்குப் பசி, சாண்ட்விச்சுக்கு ஒரு வரிசை, பிறகு அவளுக்கு எகிப்து மம்மி, பிறகு வழி தவறியது. என் ஓவியம் இருக்கும் இரண்டாம் மாடிப் படிக்கட்டை அடைந்தபோது 5.35. காவலர் இரண்டு கைகளையும் விரித்து எல்லாரையும் கீழே திருப்பிக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு மூடுகிறார்களாம்.

எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. மறுநாள் மாலை நாலு மணிக்கு விமானம். காலையில் முரளி பார்க்க ஆசைப்பட்ட ஒரே இடம் ஷீட்டில் இருந்தது: பாரிஸின் பாதாளச் சாக்கடை. சிரிக்காதீர்கள், அதைச் சுற்றிப் பார்க்க நிஜமாகவே டிக்கெட் இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு யாழ்ப்பாணத்தவர் கடைக்குப் போனோம். கல்லாவில் இருந்தவர் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"முதல் ஞாயிறே போனனீங்கள்? மாசத்தில அண்டைக்குத்தான் ஓசி. பாரிஸ் முழுக்க அங்கதான் நிக்கும். நாளைக்கு விடிய ஒன்பதுக்குப் போங்கோ. செவ்வாய்க்கிழமை பூட்டு."

நான் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முரளி பேனாவை எடுத்து ஷீட்டில் ஒரு வரியை அடித்தார்.

"சாக்கடை கலாஸ். ஊர்ல பாக்காததா?"

திங்கள் காலை, பெரியவர்களுக்கு 8.50 யூரோ, நிலாவுக்கு இலவசம். மெட்ரோ நிலையத்திலிருந்தே உள்ளே போக ஒரு வழி இருக்கிறது, அங்கே வரிசை பத்து நிமிஷம்தான். நேரே இரண்டாம் மாடிக்கு ஓடினோம். அறையில் எங்களைத் தவிர ஒரு காவலர் மட்டும்.

அவ்வளவு சின்னது அந்த ஓவியம், ஒரு சாண்தான் இருக்கும். அவள் பக்கத்துத் தையல் திண்டிலிருந்து வழியும் சிவப்பு நூல் அட்டையில் வெறும் கறையாகத் தெரிந்தது, நேரில் நூலாகவே இறங்கியது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பின்னாலிருந்து முரளி மெதுவாகச் சொன்னார்.

"நீயும் இப்படித்தான் உக்காந்திருப்பே. சாயங்காலம் நான் கதவத் தொறந்தா தல நிமிராது. நானும் சத்தம் போடாம கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுத்தான் ஷூவக் கழட்டுவேன்."

இத்தனை வருஷத்தில் எனக்கு இது தெரியாது. காவலர் பார்த்தால் பார்க்கட்டும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு: செவ்வாய் விடுமுறை. புதன், வெள்ளி இரவு 9.45 வரை திறந்திருக்கும்; ஆறு மணிக்கு மேல் டிக்கெட் ஆறு யூரோதான். இலவச ஞாயிறை மறந்துவிடுங்கள். பார்க்க ஏங்கியதை முதலில் பாருங்கள், மிச்சத்தைக் கால் வலித்தால் விட்டுவிடலாம்.

திரும்பி வந்த வாரமே முரளியின் கம்ப்யூட்டரில் 'பாரிஸ் 2' என்று புது ஷீட் ஒன்று திறந்தேன். முதல் வரியில் சாக்கடை. நான்தான் டைப் பண்ணினேன்.