கயிறு பிடிக்காத உள்ளங்கை

“சார், தங்கச்சி போயிடுச்சு சார். நெஞ்சுதான்” என்று பழவேற்காட்டிலிருந்து வேலு தொலைபேசியில் சொன்னபோது, அவருடைய தங்கை மேகலாவின் ஆய்வுக் கட்டுரையைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் ஆய்வகத்தின் புரத ஆய்வாளர் அவர். ஏரிக்கரைக் குப்பத்தின் மகள். அவர் பேசக் கேட்டவர்களுக்குத் தெரியும், அவரைப் பற்றித் தணிந்த குரலில் எழுதுவது பொருந்தாது.

தோலின் ஒரு செல்லை அடுத்த செல்லோடு பிணைக்கும் கட்டுகளே அவருடைய துறை. செல்லின் விளிம்பில் சில புரதங்கள் அண்டைச் செல்லின் புரதங்களைப் பற்றிக்கொள்கின்றன. உட்புறத்தில் டெஸ்மோபிளாக்கின் என்னும் புரதம் அந்தப் பிடியைச் செல்லின் நார்களோடு இணைக்கிறது. டெஸ்மோபிளாக்கின் விளிம்புக்குத் தானாகவே வரும் என்றேன் நான். பிளாக்கோஃபிலின் என்னும் மற்றொரு புரதம் அழைத்து வரும் என்றார் அவர். நுண்ணோக்கி அறையில் உரக்கப் பேசக்கூடாது என்று எழுதி ஒட்டியவன் நான். அங்கிருந்துதான் ஒருநாள் கூவினார்: “சார், ஓடியாங்க! தனியா வரல, கையப் புடிச்சிக்கினு வந்துடுச்சு!” செல்லின் விளிம்பெங்கும் டெஸ்மோபிளாக்கினின் பச்சைப் புள்ளிகள் ஒளிர்ந்தன. நானும் கூவினேன்.

அந்தப் பொங்கலுக்கு ஊர் சென்றவர், வேலுவின் கைக்குழந்தை மித்ராவைத் தூக்கினார். அதன் உள்ளங்கை தடித்துச் சொரசொரத்திருந்தது. வேலுவின் கையும் மேகலாவின் கையும் அப்படித்தான். வலைக்கயிறு இழுத்துக் காய்த்த கை என்று ஊரே பெருமை பேசும்.

“எங்க ரத்தத்துலயே கயிறு ஓடுது” என்று வேலு சிரித்தார்.

“இன்னாண்ணா, பால்புட்டி புடிக்கிற கை இது. எந்தக் கயித்த இழுத்துச்சு?”

அப்போதே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மூவருக்கும் கம்பளி போன்ற சுருட்டை முடி; தடித்த உள்ளங்கையும் அந்த முடியும் சேர்ந்திருந்தால் அந்தப் புரதத்தின் மரபணுவில் பழுதிருக்கலாம். “டெஸ்மோபிளாக்கின் சார்! எங்க வீட்லயே இருக்கு!” குரலில் அத்தனை பரவசம், அடியில் அச்சம். அதே புரதம் இதயத் தசையையும் பிணைக்கிறது. அது பழுதானால் துடிப்பு திடீரென நின்றுவிடக்கூடும். தம்மிடம் செய்துகொண்ட மரபணுச் சோதனை அவர் ஐயத்தை உறுதிசெய்தது. இதயத்தை முதலில் சோதித்துக்கொண்டவரும் அவரே, பாதிப்பு முற்றியிருந்தது.

வேலு பரிசோதனைக்கு வர மறுத்தார். அவரை இணங்கவைக்க மேகலாவுடன் நானும் குப்பத்துக்குச் சென்றேன். “நாளைக்கு எங்க பாடு சார்” என்றார். ஏரியில் வலைபோட அவர்களுக்கு முறை வரும் நாள். “பாட்ட விட்டுட்டு ஆஸ்பத்திரியில படுக்கவா?”

“பாடு போனா திரும்ப வரும். நீ போனா மித்ரா யார நைனான்னு கூப்புடும்?” என்றார் மேகலா. வேலு சட்டையை மாட்டிக்கொண்டார்.

இன்று தந்தையும் மகளும் சிகிச்சையில் நலமாக உள்ளனர். மேகலாவுக்குச் சிகிச்சை போதவில்லை.

சென்ற வாரம் குப்பத்தில் இதயப் பரிசோதனை முகாம். வேலு வீடுவீடாகச் சென்று ஆட்களை அழைத்துவந்தார். கைகூப்பி வணங்கியே பழகிய நான், அன்று ஒவ்வொருவரிடமும் கையை நீட்டினேன். “இன்னா சார், வெள்ளைக்காரன் மாதிரி கை குடுக்குற?” என்று ஒரு முதியவர் கேலி செய்தார். மேகலாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பழக்கம்தான்: நீட்டப்பட்ட கையை உடனே விடுவதில்லை, திருப்பி, உள்ளங்கையைப் பார்க்கிறேன்.