விருந்துக்கு வந்த கப்பற்படை

கடலுக்கும் கோயம்புத்தூருக்கும் சம்பந்தமில்லை. ஆகவே, கைபேசியில் பழங்காலப் போர் விளையாட்டு ஒன்றில் எனக்குக் கிடைத்த துறைமுக நகரத்துக்கு மதில் எழுப்பினேன், களஞ்சியம் கட்டினேன், ஈட்டிக்காரர்களைச் சேர்த்தேன். கப்பல் மட்டும் கட்டவில்லை. தண்ணீருக்காகப் பூமியை ஆயிரம் அடி துளைப்போமே தவிர, தண்ணீர்மேல் காசைப் போட நமக்கு மனசு வராது.

எதிரி கடல்வழியாகத்தான் வந்தான். அதே விளையாட்டில் பக்கத்து நகரத்தை ஆளும் பெருந்துறை மைத்துனரைப் போனில் அழைத்துப் புலம்பினேன்.

"ஏனுங்க மச்சான், இதுக்கெல்லாம் கேக்கோணுங்களா? அனுப்பிச்சுப்போட்டேன்."

அவருடைய கப்பல்கள் எதிரியின் கப்பல்களை விலாவில் இடித்துக் கவிழ்த்தன. எதிரி ஓடினான். மைத்துனரின் கப்பல்கள் போகவில்லை. உதவிக்கு வந்த படை, தங்கும் ஊரின் தானியத்தைத்தான் தின்னும் என்பது விதி. துடுப்புப் போடுகிறவனின் பசியைப் பற்றி நான் படித்த எந்த வரலாற்று நூலும் எச்சரிக்கவில்லை.

அலுவலகத்தில், பல் மருத்துவர் வாசலில், கணபதி சிக்னலில் என்று களஞ்சியத்தில் தானியக் கணக்கு இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தீர்ந்தால் என் ஈட்டிக்காரர்கள் சாகத் தொடங்குவார்கள்.

"கப்பலக் கூப்பிட்டுக்கச் சொல்லுங்களே" என்றாள் மனைவி.

"வந்தவங்களப் போகச் சொல்றதா? உன்ற தம்பிதானே, நீயே சொல்லு."

"நானெதுக்குங்க சொல்லோணும்? ஊரு உங்களுது."

ஜாடையாகச் சொல்லிவிடலாமென்று ஞாயிற்றுக்கிழமை பெருந்துறைக்கே போனேன். இலை போட்டார்கள். நாட்டுக்கோழி.

"இன்னொரு கரண்டி வெய்யி, மச்சான் கூச்சப்படறார்."

சொல்ல வந்ததை ரசத்தோடு விழுங்கினேன்.

கை கழுவும்போதுதான் யுக்தி தோன்றியது. என் ஈட்டிக்காரர்கள் அத்தனை பேரையும் அவர் நகரத்துக்கு அனுப்பிவிட்டேன். அங்கே சாப்பிடட்டும்.

"வரட்டுங்க, நம்மூடுதானுங்களே" என்றார் மைத்துனர், முகமெல்லாம் சிரிப்பாக.

களஞ்சியம் இறங்குவது நின்றது. மறுநாள் எதிரி திரும்ப வந்தான், தரைவழியாக, குதிரைப்படையோடு. மதிலில் ஆளில்லை, கப்பல் மதிலேறாது. மைத்துனரை அழைத்து, ஆட்களைத் திருப்பிக் கூட்டிக்கொள்வதாகச் சொன்னேன்.

"ஏனுங்க மச்சான், சோறு சரியில்லீங்களா?" குரல் நிஜமாகவே வாடியிருந்தது.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க மாப்பிள்ளை..."

"அப்ப இன்னைக்கொரு நாள் இருந்துட்டு வரட்டுங்க."

திரும்ப அழைக்கும் பொத்தானுக்கு மேலே என் விரல் நின்றது. திரையின் ஓரத்தில் குதிரைகள் தெரிய ஆரம்பித்துவிட்டன.

"சரிங்க" என்றேன்.