பக்கத்தில் நின்றவர்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். இது கதை கட்டியது இல்லை. என் சகலைக்கு நடந்தது. அவருக்குப் பொய் சொல்லவே வராது. சொன்னால் இரண்டு காதும் தக்காளியாகச் சிவந்துவிடும். இதை அவர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னபோது நான் அவர் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவே இல்லை.

சகலைக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. வாரத்தில் ஆறு நாள் அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிக்குள் கிரீஸ் வாசனையோடு கிடப்பவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வானம் வேண்டும். அதற்காகவே ஒரு கேமரா வாங்கினார். மழை விட்ட சாலையில் சிக்னல் விளக்கு சிவப்பாக வழிந்து கிடப்பதை எடுப்பார். பாலத்துக்கு அடியில் பனி படுத்திருப்பதை எடுப்பார். மின்கம்பியில் ஒரே திசை பார்த்து உட்கார்ந்திருக்கும் பறவைகளுக்காக ஒரு மணி நேரம் கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்பார். ஒரு படம் மனதுக்குப் பிடித்தபடி விழுந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். நமக்குத்தான் தொல்லை. கேமராவை மூக்குக்கு நேரே நீட்டி "எப்படி?" என்பார். நன்றாக இருக்கிறது என்று சொல்லும்வரை கையை இறக்கமாட்டார். வேலை செய்யும் இடத்தில் அவருக்கு வைத்த பெயரே 'லென்ஸ்'.

அவரைப் போன்றவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். மாதம் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து நூலக வாசல் சுவரில் மாட்டுவார்கள். நான்கு வருடமாகச் சகலையின் படம் ஒன்றுகூட அந்தச் சுவரில் ஏறவில்லை.

அவர் மனைவி, அதாவது என் கொழுந்தியா, கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்பவள். ஞாயிறன்று குடை பிடிக்கவும் பை தூக்கவும் கூடப் போவாள். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது சும்மா இருக்காமல் போனை எடுத்து ஒரு படம் எடுத்தாள். நின்றிருந்த பேருந்தின் ஜன்னலில் ஒரு குழந்தை வாயால் ஊதி, விரலால் வட்டம் போட்டிருந்தது. அந்தச் சின்ன வட்டத்து வழியே, பேருந்துக்கு அந்தப் பக்கம் நனைந்த கடைவீதி முழுவதும் தெரிந்தது.

விளையாட்டாகக் குழுவுக்கு அனுப்பிய அந்தப் படம் சுவரில் ஏறியது. அடுத்த மாதமும் அவள் படம்தான்.

சகலைக்கு எப்படி இருந்திருக்கும்? வெளியே சிரித்தார். உள்ளே புகைந்தது. சாப்பிடும்போது, "போன்ல எடுத்தா யாருக்கு வேணா வரும்" என்றாராம்.

"அப்போ அந்தக் கேமராவை வித்துட்டு ஒரு போன் வாங்கிக்கோங்க" என்று இவள் சிரித்திருக்கிறாள்.

அவர் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து, "சகலை, சொன்னா வெட்கக்கேடு. அவ படத்தைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது. கட்டின பொண்டாட்டி மேலயே பொறாமை. நான் மனுஷனா?" என்றார். நான் தோளைத் தட்டிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

நூலக மாடியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரியின் விளிம்பில் ஒரு பெண் நிற்கிறாள். பின்னால் விடிகாலைப் பனி, அதற்கும் கீழே தீப்பெட்டிகளாக ஊர். அவள் கேமராவைப் பார்க்கவில்லை. கொஞ்சம் பக்கத்தில் பார்க்கிறாள். யாரிடமோ ஏதோ கேட்கப் போகிற மாதிரி ஒரு பார்வை. அந்தப் பார்வைக்குத்தான் அந்தக் காலத்தில் முதல் பரிசு கிடைத்ததாம். அதைப் பார்த்த பிறகுதான் சகலை கேமராவே வாங்கினார். அதே இடம், அதே பனி. அப்படி ஒன்று எடுத்துவிட்டால் மனைவியை ஜெயித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

முதல் ஞாயிறு தனியாகப் போனார். விடிந்தும் விடியாத நேரம். குவாரிக்கு மேல் நின்று ஒரு படம் எடுத்தார்.

கிளிக்.

கூடவே, வலது காதுக்குப் பக்கத்தில்... கிர்ர்ர்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். பழைய கேமராவில் பிலிமைக் கட்டை விரலால் அடுத்த படத்துக்குத் தள்ளும் சத்தம். அவருடையது புதுக் கேமரா. அதில் பிலிமே கிடையாது.

திரும்பினார். யாரும் இல்லை.

பயந்தாரா? இல்லை. கோபம்தான் வந்தது. குழுவில் எவனோ மோப்பம் பிடித்து வந்து, புதருக்குள் ஒளிந்துகொண்டு தன் இடத்தைத் திருடுகிறான் என்று நினைத்தார். பொறாமைக்காரனுக்குப் பேய்கூடப் போட்டிக்காரனாகத்தான் தெரியும் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிறு மனைவியையும் கூட்டிப்போனார். அவள் வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றும் அதே சத்தம். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு கிர்ர்ர். திரும்பி வரும் வழியில் அவள் கேட்டாள்:

"அவரையும் வண்டியில ஏத்திக்கிட்டு வந்திருக்கலாமே. பாவம், நடந்தா வருவாரு?"

"எவரை?"

"உங்க பக்கத்துல நின்னாரே."

வண்டி ஒரு தடவை ஆடி நேரானது.

"ஆள் எப்படி இருந்தான்?"

"பனியில முகம் தெரியலை. கழுத்துல கேமரா இருந்துச்சு."

"என்ன கேமரா?"

பாருங்கள், ஒரு மனிதன் அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியை!

"பழசு. தோல் உறை போட்டது. உங்களை ஒட்டித்தானே நின்னாரு, நீங்க பார்க்கலையா?"

சகலை வண்டியை முடுக்கினார். அவன் எடுப்பதற்குள் தான் எடுத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவர் மண்டைக்குள் ஓடியது. தன் படத்தில் என்ன குறை என்பதும் அன்றைக்கே புரிந்துவிட்டது. படத்தில் ஆள் இல்லை.

மூன்றாவது ஞாயிறு. காலை 5.42. கேமரா குறித்து வைத்திருந்த நேரம் அது, பிறகு நானே பார்த்தேன்.

"இன்னிக்கு நீ நில்லு" என்றார்.

"நானா? நான் குடை பிடிக்கிறவதானே?" என்று சிரித்துக்கொண்டே போய் நின்றாள். பள்ளத்துக்கு முதுகைக் காட்டியபடி. அங்கே ஒரு காலத்தில் வேலி இருந்தது. இப்போது இரண்டு துருப்பிடித்த கம்பிகள் மட்டும்.

சகலை கேமராவில் கண்ணை வைத்தார். பனி நன்றாக விழுந்திருந்தது. ஆனால் அவள் தோளுக்குப் பின்னால் ஊர் தெரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி."

நகர்ந்தாள்.

"ஏங்க... பள்ளம்."

"தெரியுது. நான் பார்த்துட்டுத்தானே இருக்கேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதைச் சொல்லித்தான் என் வீட்டில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "பள்ளம் தெரிஞ்சுது சகலை, அவளுக்கு வந்தது எனக்கு வராதாங்கிற நினைப்பு அதைவிடப் பெரிசாத் தெரிஞ்சுது" என்றார்.

"இன்னொரு அடி."

வைத்தாள். ஊர் தெரிந்தது. போதும். அழகாக விழுந்துவிட்டது.

கிர்ர்ர்...

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் இன்னோர் அடி வைத்தாள்.

அவர் வாயே திறக்கவில்லை...

இன்னோர் அடி.

அப்போது அவள் கண் நகர்ந்தது. கேமராவை விட்டு... கொஞ்சம் பக்கத்தில். யாரிடமோ ஏதோ கேட்கப் போகிற மாதிரி.

அதே பார்வை!

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தில் இல்லை. சந்தோஷத்தில்.

கிளிக்.

கிர்ர்ர்.

"ஏங்க..." அவள் குரல் மெதுவாக வந்தது. "உங்க பக்கத்துல நிக்கிறவரு கையை ஆட்டிக்கிட்டே இருக்காரே... வரச் சொல்றாரா, போகச் சொல்றாரா?"

அவருடைய இரண்டு கையும் கேமராவில் இருந்தன.

வலது தோள் சில்லிட்டது.

நனைந்த தோல் வாசனை...

திரும்பவில்லை. ஓடினார்.

அவள் குதிகால் காற்றில் இருந்தது.

மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் புல்லில் விழுந்தார்கள். அவள் காலடியில் இருந்த கல் பெயர்ந்து போயிற்று. சத்தமே இல்லை. வெகு நேரம் கழித்துக் கீழே எங்கோ தண்ணீரில்... க்ளுக்.

பிறகுதான் திரும்பிப் பார்த்தார். பனி. ஈரப் புல்லில் அவள் நடந்த தடத்தை விட்டால் ஒரே ஒரு தடம். அவர் ஓடி வந்தது.

அன்று மதியம் இருவரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். என் மனைவி தங்கையைக் கட்டிக்கொண்டு சகலையை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவர் தலை நிமிரவில்லை. கேமரா அலமாரிக்குள் போயிற்று. இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். போன் செய்தார்.

"சகலை, அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன்."

"அழிச்சுத் தொலைங்க."

"அழிக்கணும்தான்..." என்று இழுத்தார். "ஆனா என் வாழ்க்கையில நான் எடுத்த ஒரே நல்ல படம் அதுதான். படம் என்ன தப்பு செஞ்சுது, சொல்லுங்க?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் தனியாக விட மனமில்லை. சகலை தன் மனைவிக்குத் தெரியாமல் அதைப் பெரிதாக அச்சுப் போட்டு, உறையில் வைத்து, நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் ஃபிரேம் கடைக்குக் கொண்டுபோனார். துணைக்கு நான். இனி நான் சொல்வது என் காதால் கேட்டது.

கடைக்காரர் அளவெடுக்கப் படத்தை மேசையில் விரித்தார். விரித்தவர் அப்படியே நின்றார். அளவு நாடா கையிலேயே இருந்தது. பட்டப்பகல். வெளியே வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"உங்க பக்கத்துல யாரு சார் நின்னது?" என்றார்.

நாங்கள் வாய் திறக்கவே இல்லை. குவாரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"யா... யாரும் இல்லையே" என்றார் சகலை. காது சிவந்தது.

"அவரும் முதல்ல அப்படித்தான் சொன்னாரு."

"எவரு?"

"நூலக மாடியில ஒரு படம் இருக்கே, அதை எடுத்தவரு. அதுக்குச் சட்டம் போட்டது நான்தான். அதுல நிக்கிறது அவர் சம்சாரம். படம் எடுக்கிறதுல அந்தம்மாதான் கெட்டி. பரிசெல்லாம் அவங்களுக்குத்தான் வரும். இவருக்கு வந்தது அந்த ஒண்ணுதான்."

"அந்தம்மா இப்போ எங்க இருக்காங்க?" என்று நான் கேட்டேன்.

"அதுதாங்க அவங்க கடைசிப் படம். அதுக்கு அடுத்த அடி பள்ளத்துல." அவர் படத்தை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். "சாகிற வரைக்கும் இங்க வந்து இதே நாற்காலியில உட்கார்ந்து புலம்புவாரு. 'பின்னாடி போன்னு நான் ரெண்டு தடவைதான் சொன்னேன். மிச்சமெல்லாம் பக்கத்துல நின்னவன் கை காட்டினான்'னு. அன்னிக்கு அங்க அவங்க ரெண்டு பேரைத் தவிர யாருமே போகலைங்க."

சகலையும் இரண்டு தடவைதான் சொன்னார்.

கடையிலேயே படத்தைக் கிழித்தார். கேமராவில் இருந்ததை என் எதிரில் அழித்தார். அன்று மாலையே கேமராவை மனைவி கையில் கொடுத்து, இனி இது உன்னுடையது என்று சொல்லிவிட்டார்.

இப்போது ஞாயிறன்று அவள்தான் படம் எடுக்கிறாள். குவாரிப் பக்கமே போவதில்லை. கடைவீதி, பூங்கா, பேருந்து நிலையம் என்று ஜனங்கள் இருக்கும் இடமாகப் பார்த்துப் போகிறார்கள். அவர் அவள் கண்ணில் படும்படி, இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்பார். அவளுக்குப் பயம் வரக்கூடாது என்று.

சென்ற மாதம் அவள் படம் மறுபடியும் சுவரில் ஏறியது. நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். சகலைதான் பலமாகக் கை தட்டினார்.

"எனக்கு ரொம்ப சந்தோஷம் சகலை" என்றார்.

நான் சிரித்தேன். பிறகுதான் கவனித்தேன்.

காது சிவந்திருந்தது...

முந்தாநாள் கொழுந்தியா என் மனைவிக்குப் போன் செய்தாள். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"அக்கா, நேத்து கடைவீதியில அவரைப் படம் எடுத்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னாரு. ரெண்டு கையும் பாக்கெட்லதான் இருந்துச்சு. நல்லாப் பார்த்தேன்."

"சரி, அதுக்கென்னடி?"

"நான் இந்தப் பக்கம்... நடுவுல பஸ்ஸு போய்க்கிட்டே இருக்கு..."

"சொல்லுடி."

"இந்தத் தடவை அவர் பக்கத்துல அந்தக் கை, 'வா வா'ன்னு கூப்பிடுது அக்கா."